ஈட்டி எறியாத ஆள்

1

போன வாரம் இங்கே முதல் பனி விழுந்தது. நாங்கள் மொன்றியலில் வந்து இறங்கியதும் இப்படி ஒரு முதல் பனி நாளில்தான். அதனால் ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு வசந்தி பாயாசம் வைப்பாள். நான் ஊரைப் பற்றி ஏதாவது பழைய கதை சொல்வேன். மகள் நிவேதா கைபேசியைப் பார்த்துக்கொண்டே, கேட்பதுபோல் தலையாட்டுவாள். இது எங்கள் வீட்டு வழக்கம். இந்த வருடம் பாயாசம் ஆறிப் பாலாடை கட்டியதுதான் மிச்சம், நிவி அறையை விட்டு வெளியே வரவில்லை.

கூப்பிடப் போனேன். கையில் துவைத்த துணிக் கூடை. கதவு பாதி திறந்திருந்தது. கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, அவள் தமிழில் பேசிக்கொண்டிருந்தாள். பதில் குரல் ஒலிபெருக்கியில் வந்தது.

"மாமா, அந்தக் கூட்டம் வரமாட்டேங்குது. ரெண்டு தரம் போயி கூப்புட்டேன்."

"நீ மொதல்ல அவங்க சம்மந்தி வீட்டுக் கூட்டத்த கூப்புடு புள்ள. அவங்க கெளம்பிட்டா இவங்க தானா பின்னாடி வருவாங்க. கூப்புடாத எடத்துக்கு மானஸ்தன் வருவானா?"

நிவி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் கூடையோடு வாசலில் நின்றேன்.

என்னிடம் அவள் பேசுவது ஒற்றைச் சொற்களில். ஆமா, இல்ல, பசிக்கல, அப்புறம். அதுவும் பாதி பிரெஞ்சு, பாதி ஆங்கிலம். பதுளையில் பிறந்த பிள்ளை, நடக்கப் பழகிய வயதில் இங்கே வந்தவள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு அனுப்பினோம். ஆமாவுக்கு அங்கே டீச்சர் தன் ஊர்ப் பேச்சில் "ஓம் சொல்லு" என்பார், வீட்டில் நாங்கள் "ஆமா சொல்லு" என்போம். இரண்டும் வேண்டாம் என்று ஒரு நாள் புத்தகப் பையைத் தூக்கிப் போட்டுவிட்டாள். எழுத்து ஒன்றும் ஏறவில்லை. அந்தப் பிள்ளைதான் இப்போது சம்மந்தி வீட்டுக் கூட்டம் என்றால் என்ன என்று புரிந்துகொண்டு சிரிக்கிறாள்.

எனக்குப் பொறாமை. இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல விருப்பமில்லை. வயிறு எரிகிறது.

2

அந்த மாமா யார் என்று சொல்ல வேண்டும். வசந்தியின் அண்ணன் லோகநாதன். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கைபேசியும் கணினியும் திருத்தும் கடை வைத்திருக்கிறான். ஹாலிஎலையில் வீடு. என் வகுப்புத் தோழன். நான் அவன் தங்கையைக் கட்டுகிற வரைக்கும் என்னை டேய் என்றவன், தாலி கட்டிய அன்றிலிருந்து "மாப்ள, நீங்க" என்று மரியாதையாக ஆரம்பித்தான். அந்த மரியாதையில் ஒரு நக்கல் எப்போதும் இருக்கும்.

அடுத்து நான். என் வேலையை ஊரில் யாருக்கும் சரியாக விளக்க முடிந்ததில்லை. கணினியில் ஆடும் போர் விளையாட்டுகளைச் செய்கிற நிறுவனம் ஒன்றில் இருக்கிறேன். பழங்காலத்துப் பேரரசுகள், படைகள், கோட்டைகள். ஆடுகிறவர் ராஜாவாக இருந்து படை திரட்டி மற்ற நாடுகளைப் பிடிக்க வேண்டும். அதில் பழங்குடிப் படைகள் என் பொறுப்பு. மலையிலிருந்தும் காட்டிலிருந்தும் வந்து பேரரசோடு மோதுகிறவர்கள் என்ன உடுத்துவார்கள், எதை ஏந்துவார்கள், எப்படி ஓடுவார்கள் என்று தீர்மானிப்பது நான்.

நான் சேர்ந்தபோது அந்தப் படைகள் இருந்த கோலத்தைப் பார்க்கச் சகிக்காது. அரை நிர்வாணம், உடம்பெல்லாம் சாயம், கழுத்தில் எலும்பு மாலை, வாயைத் திறந்தால் ஊளை. கூட்டமாக ஓடி வந்து சாவதற்கென்றே செய்து வைத்திருந்தார்கள். எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆட்களைப் பற்றி டவுனில் பேசுகிற மாதிரியே எனக்குப் பட்டது. வருடக்கணக்கில் சண்டை போட்டேன். எலும்பு மாலையைக் கழற்றினேன். குளிர்கிற மலையில் எவன் வெறும் மேலோடு நிற்பான் என்று கேட்டுக் கம்பளி போர்த்தினேன். அந்தக் காலத்தில் இரும்பு அருமை, எல்லோர் கையிலும் வாள் இருக்காது என்று சொல்லி வாளைப் பிடுங்கி ஈட்டியும் மரக் கேடயமும் கொடுத்தேன். இவர்கள் பயிர் செய்கிறவர்கள், மாடு மேய்க்கிறவர்கள், ஒருவன் செத்தால் ஒரு காணி தரிசாகும், சும்மா சாகக் கொடுக்கிற ஆட்கள் இல்லை என்று கூட்டங்களில் வாதாடினேன். கடைசியில் ஒத்துக்கொண்டார்கள். பழங்குடிப் படையை இவ்வளவு உண்மையாக யாரும் காட்டியதில்லை என்று விமர்சனங்கள் வந்தன. அவற்றை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

விளையாட்டின் முடிவில் ஓடும் பெயர்களில் என் பெயரும் வரும். சரியாகச் சொன்னால் என் அப்பாவின் பெயர். குடிவரவு அலுவலகத்தில் குடும்பப் பெயர் என்ன என்றார்கள். எங்களுக்கு அப்படி ஒன்று இல்லை என்றேன். இல்லாமல் முடியாது என்றார்கள். அப்பாவின் பெயரைக் கொடுத்தேன். அன்றிலிருந்து வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் வேலையிடத்திலும் நான் முத்துசாமி. தெமோதரையில் கவ்வாத்து வெட்டிய மனிதர், தேயிலைச் செடியைத் தவிர எதன் மேலும் கத்தி வைக்காதவர், உலகம் முழுவதும் படை வடிவமைப்பாளராகப் பெயர் எடுத்துவிட்டார். பிறந்த இடம் என்ன என்று அந்த அலுவலகத்துப் பெண்மணி கேட்டபோது, தோட்டத்தில் எங்கள் பகுதியின் பெயரைச் சொல்லி "லோவர் டிவிஷன்" என்றேன். கால்பந்து அணியா என்று கேட்டார். வந்த புதிதில் எனக்குக் குளிர்கிறது என்று சொல்வதாக நினைத்து, நான் நெஞ்சில் ஈரமில்லாதவன் என்று பிரெஞ்சில் ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். சில வருடம் கழித்து, ஆரம்பப் பள்ளிக்குப் போகத் தொடங்கிய நிவிதான் திருத்தினாள். இன்றைக்கும் அவள்தான் திருத்துகிறாள், இப்போது கொஞ்சம் சலிப்போடு.

3

இந்த மாதிரி விளையாட்டுகளை ஆடுகிறவர்களே உள்ளே கைவைத்து, தங்களுக்குப் பிடித்தபடி மாற்றி, இணையத்தில் இலவசமாகப் போடுவது உண்டு. மோட் என்பார்கள். லோகு எங்கள் விளையாட்டுக்கு ஒரு மோட் செய்தான். பெயர் "மலை". போட்ட சில மாதங்களில் எந்தெந்த நாட்டிலிருந்தோ ஆட்கள் அதை ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

அவன் போன் போட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை.

"மாப்ள, ஒங்க படையாளுங்க நல்லா உடுத்திருக்காங்க. ஆனா கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி போறாங்க. நான் கொஞ்சம் நடக்கப் பழக்கியிருக்கேன். கோவிச்சுக்காதீங்க."

இறக்கிப் பார்த்தேன். நான் கொடுத்த கம்பளி அப்படியே இருக்கிறது. கேடயம் அப்படியே இருக்கிறது. என் ஆட்கள். ஆனால் என் விளையாட்டில் ஒரு இடத்தைத் தொட்டுக் காட்டினால் முழுப் படையும் அங்கே போகும். லோகுவின் மலையில் போகாது. கூட்டம் கூட்டமாக அவரவர் குடியிருப்பில் உட்கார்ந்திருப்பார்கள். நீங்கள் ஒவ்வொரு கூட்டமாகப் போய்க் கேட்க வேண்டும். யாரை முதலில் கேட்டீர்கள் என்பதைப் பொறுத்து மற்றவர்கள் வருவார்கள் அல்லது முறுக்கிக்கொள்வார்கள். வந்தாலும் நீங்கள் சொன்ன இடத்தில் நிற்க மாட்டார்கள், கொண்டான் கொடுத்தான் பக்கத்தில் போய் நிற்பார்கள். நாய்கள் கூட வரும். யார் எறிந்த ஈட்டி முதலில் பட்டதோ அவனுக்குப் பிடித்ததில் பெரிய பங்கு. அதை நீங்கள் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டால் அந்தக் கூட்டம் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வீட்டுக்குப் போகும். பயந்து ஓடுவதாக எதிரி நினைத்துத் துரத்தினால் மேட்டில் ஏறி நின்று திரும்ப அடிப்பார்கள். வெயில் சாய்ந்தால் சண்டையை விட்டுவிட்டுக் கலைந்துவிடுவார்கள். நாளைக்கும் வேண்டுமென்றால் நாளைக்கும் போய்க் கேட்க வேண்டும்.

பழங்குடிப் படை என்பது இதுதான் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. நானும் புத்தகங்களில் படித்திருக்கிறேன். இவர்களுக்குச் சம்பளமில்லை, தளபதி என்று ஒருவன் இல்லை, இசைந்தால்தான் வருவார்கள் என்று எழுதியே வைத்திருக்கிறேன். ஆனால் அதை ஆடுவதற்கு எப்படிக் கொண்டுவருவது என்று எனக்குத் தோன்றவில்லை. லோகு எந்தப் புத்தகமும் படிக்கவில்லை. அவன் செய்ததெல்லாம் எங்கள் டிவிஷனில் ஞாயிற்றுக்கிழமை பன்றி வேட்டைக்கு ஆள் சேர்வதை அப்படியே தூக்கி உள்ளே வைத்ததுதான்.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அந்த வேட்டைக்கு நானும் போயிருக்கிறேன். அவனைவிட அதிகம் போயிருக்கிறேன். லோகு பன்றி உறுமினாலே டர்பன்டைன் மரத்தில் ஏறிவிடுவான். கீழே இறங்கும்போது பங்கு பிரித்து முடிந்திருக்கும். மரத்தில் இருந்தவன் இன்றைக்கு மலைக்குடிகளின் போர்முறைக்கு அத்தாரிட்டி.

நிவியிடம், உன் மாமாவின் விளையாட்டு எப்படி என்று ஒன்றும் தெரியாதவன்போல் கேட்டேன். அவள் யோசித்துவிட்டுச் சொன்னாள்.

"ஒங்க கேமும் நல்லாத்தான் இருக்கு அப்பா. ஆனா ஒங்க ஆளுங்க எல்லாரும் பெரட்டுக்கு நிக்கிற மாதிரி நிக்கிறாங்க."

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் வேலைக்குப் போகுமுன் பேர் கூப்பிட ஆட்களை வரிசையில் நிறுத்துவது. அந்தச் சொல்லை நான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை.

4

அலுவலகத்தில் எனக்கு மேலே இருப்பவர் ஜெனவியேவ். நல்ல மனுஷி, சுருக்கமாகப் பேசுவார். என்னைக் கூப்பிட்டு, அடுத்த பெரிய வெளியீட்டில் மலைக்குடிகள்தான் முக்கியம், இந்த மோட்டைச் செய்தவரை ஒப்பந்தத்தில் எடுக்க நினைக்கிறோம், உன் நாட்டுக்காரராமே, தெரியுமா என்றார்.

தெரியும், என் மனைவியின் அண்ணன் என்றேன். சந்தோஷப்பட்டார். பிறகு முகத்தைச் சுருக்கினார்.

சோதனை பார்க்கிறவர்கள் அதில் ஒரு கோளாறு கண்டுபிடித்திருந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் ஒருவன் சண்டைக்கு வருகிறான், கையில் ஈட்டி இருக்கிறது, ஆனால் எறிவதில்லை. தோளில் ஒரு மூட்டையோடு பின்னால் நிற்கிறான். மற்றவர்கள் ஓடினால் ஓடுகிறான், நின்றால் நிற்கிறான். பங்கு பிரிக்கும்போது மட்டும் சரியாக வந்து பங்கு வாங்கிக்கொள்கிறான். இது ஆரம்ப நிலைப் பிழை, இவ்வளவு பெரிய பிழை தெரியாமல் விட்டவரை நம்பி எப்படி வேலை கொடுப்பது என்பது அவர்கள் கட்சி.

"வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நீ சொல். இது பிழைதானா, வேறு ஏதாவதா? நீ என்ன சொல்கிறாயோ அதன்படி முடிவெடுக்கலாம்" என்றார்.

என் இடத்துக்கு வந்து அந்த ஆளைத் தேடிப் பார்த்தேன். அவன் யார் என்று எனக்குத் தெரியும்.

5

நிவி வசந்தியின் வயிற்றில் இருந்த சமயம். நான் கொழும்பில் வேலை செய்துகொண்டு, விடுமுறைக்கு ரயிலில் தெமோதரைக்கு வருவேன். ஒரு ஞாயிறு வேட்டைக்குக் கிளம்பினார்கள். நானும் ஈட்டியைத் தூக்கிக்கொண்டு போய் நின்றேன். வேட்டைக்கு ஆள் சேர்க்கிற பெரியசாமி அண்ணன் என்னைப் பார்த்ததும் கையைக் காட்டித் தடுத்தார்.

"தம்பி, வசந்தி முழுகாம இருக்குதாமே?"

"ஆமாண்ணே."

"அப்ப நீ எறியக் கூடாது. புள்ளத்தாச்சி புருசன் உயிர்ச்சேதம் பண்ணக் கூடாது. புள்ளைக்கு ஆகாது."

"அப்ப நான் வீட்டுக்குப் போறேன்."

"ஏன் போற? ஒங்க வீட்டு ஆள் இல்லாம ஒங்க கூட்டம் எப்படி வரும்? வா, வந்து நில்லு. மூட்டைய நீ எடுத்துக்க."

சோற்று மூட்டையையும் தண்ணீர்ப் போத்தலையும் என் தோளில் மாட்டினார்கள். ஈட்டியை ஊன்றுகோலுக்காக வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். மானாப்புல் மேட்டில் மூட்டையோடு நின்றேன். பன்றி என் கைக்கெட்டும் தூரத்தில் போயிற்று. எறியவில்லை. லோகு மரத்துக்கு மேலே இருந்து, "மாப்ள, பாத்து, சோறு சிந்திடும்" என்று கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். பங்கு பிரிக்கும்போது எனக்கு ஒரு பங்கு, வசந்திக்கென்று தனியாக ஒரு பங்கு வைத்தார்கள். ஈரல் கலந்து நல்ல இறைச்சி. அதை வாழை இலையில் கட்டிக்கொண்டு லயத்து வீட்டுக்கு நடந்தபோது எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது. நான் அப்பாவாகப் போகிறேன் என்று ஊர் ஒத்துக்கொண்ட நாள் அது.

அந்த ஆளைத்தான் லோகு விளையாட்டுக்குள் வைத்திருக்கிறான். தோளில் மூட்டை, கையில் ஈட்டி, எறியாத ஆள். என்னை வைத்து உலகத்துக்கே வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்தேன். அதே நிமிடத்தில், அடப்பாவி, இது எவ்வளவு நல்ல யோசனை என்றும் நினைத்தேன். இரண்டாவது நினைப்புதான் அதிகம் எரிந்தது.

6

வசந்தியிடம் சொன்னேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, இதுல யோசிக்க என்னா இருக்கு? பிழை இல்லேன்னு சொல்லிருங்க."

"அந்தப் பழங்குடிங்க அப்படிச் செஞ்சாங்கன்னு ஒரு ஆதாரமும் இல்ல வசந்தி. அவங்க எங்கயோ வடக்க இருந்தவங்க. நம்ம தோட்டத்து வழக்கத்தக் கொண்டுபோயி அவங்க தலையில கட்ட முடியுமா?"

"சம்மந்தி வீட்டப் பத்தி மட்டும் ஆதாரம் இருக்கா?"

நான் நறுக்கிய வெங்காயத்தைப் பாத்திரத்தில் அள்ளிப் போட்டேன்.

"ஒங்களுக்குப் பொறாமைங்க" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. வெங்காயத்துக்குத் துடைத்தாளா என்று தெரியாது. "அண்ணன் கடையில இப்ப ஆளே வர்றதில்ல. கரண்ட் பில்லு கட்ட முடியலன்னு அண்ணி சொன்னாங்க. ஒங்ககிட்ட சொல்ல வேணாம்னாங்க."

ஆதாரம் இல்லை என்று நான் சொன்னால் அது பொய்யாகாது. அதுதான் இதில் உள்ள கஷ்டம். நேர்மையாக இருந்துகொண்டே லோகுவைக் கவிழ்க்க எனக்கு ஒரு வழி கிடைத்திருந்தது. வியாழக்கிழமை முழுக்க அந்த வழியைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் கவிழ்ந்தால் நிவி என்ன நினைப்பாள் என்றும் யோசித்தேன். மாமாவின் விளையாட்டு பிழையானது, அப்பாவினுடையதுதான் சரி என்று நினைப்பாளா? சாயங்காலம் அவள் அறைக்குள் எட்டிப் பார்த்தேன். விளையாட்டுப் பிரியர்கள் கூடும் இணையப் பக்கம் ஒன்றில், அந்த எறியாத ஆளைப் பிழை என்று எழுதியவர்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "மாமா வேணும்னுதான் வச்சிருப்பாரு. ஏன்னு எனக்குத் தெரியல. ஆனா காரணம் இருக்கும்" என்று என்னிடம் சொன்னாள். என் மேல் அவளுக்கு அப்படி ஒரு நம்பிக்கை இருந்து நான் பார்த்ததில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. நீள மேசை, ஜெனவியேவ், சோதனை பார்க்கிறவர்கள், திரையில் மலை. அந்த ஆள் வந்து நின்றான். சோதனைக்காரர்களில் ஒருவர் எழுந்து, தோளில் தன் பையை மாட்டி, வாயைப் பிளந்துகொண்டு அசட்டுத்தனமாக நின்று காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். ஜெனவியேவும் சிரித்தார்.

நான் நல்லவனாக முடிவெடுத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்குக் கோபம் வந்தது, அவ்வளவுதான். அவர்கள் சிரித்தது என்னைப் பார்த்து.

"அவன் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள்" என்றேன்.

சிரிப்பு நின்றது.

பிறகு எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியாது. என் உடைந்த பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் சொன்னேன். பிள்ளைத்தாய்ச்சியின் கணவன் உயிரெடுக்கக் கூடாது, ஆனால் வீட்டிலும் இருக்கக் கூடாது, அவன் வராவிட்டால் அவன் கூட்டமே வராது. அதனால் வருவான், சுமப்பான், கூட நிற்பான். அவனுக்கும் பங்கு உண்டு, வயிற்றில் இருக்கிற பிள்ளைக்காக அவன் மனைவிக்கும் பங்கு உண்டு. ஒரு பேரரசின் படையில் இவனை அடித்தாவது ஈட்டியை எறிய வைப்பார்கள். குடிப்படையில் முடியாது, ஏனென்றால் படை வேறு குடும்பம் வேறு இல்லை. இவன் நிற்கிறான் பாருங்கள், இவன்தான் இது பழங்குடிப் படை என்பதற்கு அடையாளம்.

எழுதப்பட்ட ஆதாரம் உண்டா என்று ஜெனவியேவ் கேட்டார்.

"இந்தக் குடிகளுக்கு இல்லை. எங்கள் ஊரில் உண்டு. மூட்டையோடு நானே நின்றிருக்கிறேன்."

வாயைப் பிளந்து நின்று காட்டியவர் பையை மெதுவாகக் கீழே வைத்தார். சரி, இதே வழக்கமாக இல்லாவிட்டாலும் இது மாதிரி ஏதோ ஒன்று எல்லாக் குடிகளிலும் இருந்திருக்கும், இதை யோசித்த மனிதரை நாம் விடக் கூடாது என்றார் ஜெனவியேவ். லோகுவுக்கு ஒப்பந்தம் அன்றே முடிவாயிற்று.

இத்தனை வருடத்தில் அந்த அறையில் நான் பேசி எல்லோரும் வாய் மூடிக் கேட்டது அன்றைக்குத்தான். பேசியது லோகுவுக்காக.

7

சனிக்கிழமை காலை போன் வந்தது. அங்கே சாயங்காலம். நிவிதான் எடுத்தாள். முந்தின இரவு நான் வீட்டில் சொன்ன ஒப்பந்தம், கூட்டம், என் விளக்கம் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் கொட்டினாள். பிறகு, "மாப்ளகிட்ட குடு புள்ள" என்று லோகு சொன்னது கேட்டது.

போனை வாங்கினேன்.

"மாப்ள, பக்கத்துல ஆள் இருக்கா? கொஞ்சம் அங்கிட்டுப் போங்க."

பால்கனிக்குப் போனேன். பனி காலில் சுட்டது.

"மாப்ள, அது பிழைதான்."

"எது?"

"அந்த எறியாத ஆளு. நான் வேணும்னு வைக்கல. சுமை தூக்குறவனுக்கு எழுதினத ஈட்டிக்காரன் மேல தெரியாம ஒட்டிட்டேன். ஒவ்வொரு கூட்டத்துலயும் ஒருத்தன் அப்படியாயிட்டான். திருத்தணும் திருத்தணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன், கடையில வேல. இப்ப நிவி சொல்றப்பதான் எனக்கே தெரியுது, அது புள்ளத்தாச்சி புருசன்னு."

பால்கனிக் கம்பியில் கிடந்த பனியைக் கையால் தள்ளினேன்.

"அந்த வேட்டையே எனக்கு மறந்துபோச்சு மாப்ள. நான் மரத்துல இருந்தேன்ல."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. மலையில் எது எல்லோரையும் அசத்தியதோ, அது லோகு யோசித்ததில்லை. நான் யோசித்தது. பிழையைப் பார்த்து, அதில் என்னையே கண்டு, காரணம் சொல்லி, அர்த்தம் கொடுத்து, பேரைத் தூக்கி அவன் கையில் கொடுத்திருக்கிறேன். என் இடத்தில் வேறு ஊர்க்காரன் யாராவது இருந்திருந்தால் பிழை என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான்.

"ஆபீஸ்ல சொல்லிறவா மாப்ள? நான் ஏமாத்தின மாதிரி ஆகிடும்ல."

"வாய மூடிக்கிட்டு இரு. கரண்ட் பில்லக் கட்டு மொதல்ல."

"நிவிகிட்டயாவது சொல்லிறட்டா? அவ என்னய ரொம்பப் பெருசா நெனைக்கிறா."

திரும்பிக் கண்ணாடிக்கு உள்ளே பார்த்தேன். நிவி கணினியில் எதையோ வேகமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். தன் மாமாவைப் பிழை என்று சொன்ன ஒவ்வொருவருக்கும் பதில் எழுதிக்கொண்டிருந்தாள் என்பது பிறகு தெரிந்தது. இப்போது உண்மையைச் சொன்னால் அத்தனை பேர் முன்னாலும் அவள்தான் தலைகுனிய வேண்டும்.

"வேணாம்" என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்ல எனக்கு எவ்வளவு வலித்தது என்று லோகுவுக்குத் தெரிந்திருக்கும். முதல் தடவையாக அவன் குரலில் நக்கல் இல்லை.

உள்ளே வந்ததும் நிவி கேட்டாள். "அப்பா, அந்த வேட்டையில அம்மா வயித்துல இருந்தது நான்தானா?"

"நீதான்."

"எனக்காகவா எறியாம நின்னீங்க?"

"ஆமா."

என் கையைப் பிடித்து ஒரு நிமிடம் அழுத்தினாள். உடனே கையை விட்டுவிட்டு, "மாமா இத எப்படி யோசிச்சிருக்காரு பாருங்க" என்றாள்.

"ஒங்க மாமா கெட்டிக்காரரு" என்றேன். வசந்தி சமையலறையிலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

ஆக, அந்த ஆளை நிற்க வைத்தது நான்தான் என்ற உண்மையை நான் சொல்லக்கூடிய இடம் இது ஒன்றுதான். என் அலுவலகத்தில் யாருக்கும் தமிழ் தெரியாது. லோகு இதை வாசிப்பான், வாசிக்கட்டும். நிவி தமிழ் பேசுவாள், வாசிக்கத் தெரியாது. அவளுக்காக எழுதியதை அவள் தவிர எல்லோரும் வாசிப்பீர்கள்.

நேற்று சாயங்காலம் துணிக் கூடையோடு போனபோது அவள் திரையில் படை இல்லை. ஒரு வெள்ளைப் பலகையில் கோணல்மாணலாக அ, ஆ, இ. மலையில் வருகிற குடியிருப்புப் பெயர்களையெல்லாம் லோகு தமிழில்தான் எழுதி வைத்திருக்கிறானாம், அதை வாசிக்க வேண்டுமாம். மாமா தினமும் கொஞ்சம் சொல்லித் தருகிறாராம். நான் காசு கட்டி, காரில் ஏற்றிப் போய், கெஞ்சிக் கூத்தாடி ஏறாத எழுத்து.

வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் இந்த ஒரு காரியத்திலாவது லோகு உண்மையிலேயே கெட்டிக்காரனாக இருக்க வேண்டும் என்று கதிர்காமத்து முருகனை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.